எட்டு திரெட், ஒரு பூட்டு

அன்புள்ள ஐயா,

இருநூறு உரைக்கோப்புகளை இணையத்திலிருந்து இறக்கி, எந்தச் சொல் எத்தனை முறை வருகிறது என்று எண்ண, பைத்தான் நிரல்மொழியில் ஒரு ஸ்கிரிப்ட் எழுதினேன். எட்டு திரெட் (ஒரே நிரலுக்குள் இணையாக ஓடும் வேலை ஓட்டங்கள்) போட்டதும் இறக்கும் வேலை சட்டென்று முடிந்தது. ஆனால் எண்ணும் வேலை ஒரே திரெட்டில் ஓடியதைவிடச் சற்றுத் தாமதமாகிறது. என் கணினியில் எட்டு கோர்கள் (செயலியில் தனித்தனியே கணக்கிடும் பகுதிகள்) உள்ளன. போதாக்குறைக்கு, மொத்த எண்ணிக்கையும் சில நேரம் குறைந்து வருகிறது. தவறு என்னுடையதா, பைத்தானுடையதா?

ர.

அன்புள்ள ர.,

தாமதம் பைத்தானால் வருவது. எண்ணிக்கை குறைவது உங்களால். வேகம் கிடக்கட்டும், முதலில் அதைப் பார்ப்போம்.

எட்டு திரெட்டுகளும், சொல்லையும் அதன் எண்ணையும் சேர்த்து வைக்கும் ஒரே டிக்‌ஷனரியில் எழுதுகின்றன அல்லவா? பழைய எண்ணை எடுப்பது, ஒன்றைக் கூட்டுவது, திரும்ப வைப்பது என்று அது மூன்று வேலை. ஒரு திரெட் எண்ணை எடுத்த கையோடு அதன் முறை முடிந்துபோனால், இன்னொன்று அதே பழைய எண்ணை எடுத்துக்கொள்கிறது. இருவர் எண்ணியும் ஒன்றுதான் ஏறும்.

‘பைத்தானில்தான் ஒரு நேரத்தில் ஒரு திரெட்டை மட்டும் ஓடவிடும் ஜிஐஎல் பூட்டு இருக்கிறதே’ என்று கேட்பீர்கள். அந்தப் பூட்டு காப்பது மொழிபெயர்ப்பியின், அதாவது உங்கள் நிரலைப் படித்து ஓட்டும் இன்டர்பிரெட்டரின், உள்கணக்கை. ஒவ்வொரு பொருளையும் எத்தனை பேர் பிடித்திருக்கிறார்கள் என்னும் கணக்கை. உங்கள் கணக்கு அதன் பொறுப்பில் இல்லை.

தாமதத்துக்கும் அதே பூட்டுதான் காரணம். அதை வைத்திருக்கும் திரெட் மட்டுமே பைத்தான் கட்டளைகளை ஓட்ட முடியும். வலையிலிருந்து தரவு வரக் காத்திருக்கும் திரெட் பூட்டை விட்டுக்கொடுத்துவிடும். அதனால்தான் இறக்குவது விரைந்தது. எண்ணும்போது யாரும் காத்திருப்பதில்லை. 5 மில்லிநொடிக்கு ஒருமுறை பூட்டு கைமாறுகிறது, அந்தச் செலவுதான் மிச்சம். நானும் ஒரு காலத்தில் திரெட்டை 64 வரை ஏற்றிப் பார்த்தவன். மற்ற கோர்கள் கைகட்டி நின்றதைக் கண்ணால் கண்ட பிறகே அடங்கினேன்.

இறக்குவதற்குத் திரெட்டே இருக்கட்டும். எண்ணுவதற்கு, திரெட்டுகளுக்கு வேலை பிரித்துத் தரும் திரெட்பூல்எக்ஸிகியூட்டரை எடுத்துவிட்டு, அதையே புராசஸ்களுக்கு (தனித்தனி நினைவகத்தோடு ஓடும் நிரல்களுக்கு) செய்யும் புராசஸ்பூல்எக்ஸிகியூட்டரைப் போடுங்கள். ஒவ்வொரு புராசஸுக்கும் தனி மொழிபெயர்ப்பி, தனிப் பூட்டு. கோப்பின் உள்ளடக்கத்தை அனுப்பாதீர்கள், அது இருக்கும் இடத்தைச் சொல்லும் பாதையை மட்டும் அனுப்புங்கள். புராசஸ்களுக்கு இடையே தரவைப் பொட்டலம் கட்டி அவிழ்ப்பதிலேயே நேரம் போய்விடும். ஒவ்வொன்றும் தன் எண்ணிக்கையைத் தனியே திருப்பித் தர, கடைசியில் நீங்கள் கூட்டிக்கொள்ளுங்கள். விடுபட்ட எண்களும் சரியாகிவிடும்.

பூட்டே இல்லாத பைத்தானைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். 2024 அக்டோபரில் 3.13-உடன் சோதனை முயற்சியாக வந்தது, 3.14-இல் அதிகாரபூர்வ ஆதரவு கிடைத்தது. ஆனாலும் அது தனியாக நிறுவ வேண்டிய பதிப்பு. அதற்குத் தயாராகாத, சி மொழியில் எழுதிய நூலகம் ஒன்றை இறக்குமதி செய்தால், ஓர் எச்சரிக்கையோடு பூட்டு திரும்ப வந்துவிடும். உங்கள் டிக்‌ஷனரியை இப்படியே அங்கே கொண்டுபோனால் எண்ணிக்கை இன்னும் மோசமாகும்.

எட்டு புராசஸில் எவ்வளவு நேரம் ஆனது என்று எழுதுங்கள்.