நேஷனல் போர்டு சான்றிதழ்: கேட்டவர்களுக்குச் சொன்ன பதில்கள்

அமெரிக்கப் பள்ளிகளில் வேலை பார்க்கும் நம் தமிழ் ஆசிரியர்கள் பலர் நேஷனல் போர்டு பற்றி, அதாவது தேர்ந்த ஆசிரியர்களுக்கு அங்கே தேசிய அளவில் தரும் சான்றிதழ் பற்றி, கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். நான் நடுநிலைப் பள்ளியில் கணக்கு எடுக்கிறேன். முதல் சுற்றில் கோட்டை விட்டு, அடுத்த ஆண்டு தேறி, அதன் பிறகு ஒரு முறை புதுப்பித்தும் ஆயிற்று. அந்த அனுபவத்தில் பதில் சொல்கிறேன்.

அக்கா, என்னிடம் மாநில லைசென்ஸ் இருக்கிறது. அப்புறம் இது எதற்கு?

லைசென்ஸ் இல்லாமல் வகுப்புக்குள் போக முடியாது. இது இல்லாமல் ஓய்வு பெறும் வரை நிம்மதியாகப் பாடம் நடத்தலாம். யாரும் கட்டாயப்படுத்துவதில்லை. மருத்துவர்களுக்கு லைசென்ஸ் தவிர போர்டு சான்றிதழ் என்று தனியாக ஒன்று இருக்கிறது அல்லவா, அதுபோல ஆசிரியர்களுக்கும் வேண்டும் என்று 1987-இல் தொடங்கியது இந்த அமைப்பு. பட்டப்படிப்பு, செல்லுபடியாகும் லைசென்ஸ், 3 ஆண்டு வகுப்பறை அனுபவம், இந்த மூன்றும் அடிப்படை. 25 பிரிவுகள் இருக்கின்றன. பாடம், மாணவர் வயது இரண்டையும் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

மொத்தம் எவ்வளவு செலவாகும்? திரும்ப வருமா?

நான்கு காம்பொனென்ட், அதாவது தனித்தனியாக மதிப்பெண் போடும் பகுதிகள். ஒவ்வொன்றுக்கும் 475 டாலர், ஆக 1,900. அது போக ஆண்டுதோறும் 75 டாலர் பதிவுக் கட்டணம், அது திரும்பக் கிடைக்காது.

போட்ட பணம் திரும்புமா என்பது நீங்கள் இருக்கும் மாநிலத்தைப் பொறுத்தது. வட கரோலினாவில் சம்பளத்தோடு 12 சதவீதம் சேர்த்துத் தருகிறார்கள். மேரிலாந்தில் ஆண்டுக்கு 10,000 டாலர் உயர்வு, பின்தங்கிய பள்ளியில் இருந்தால் அதற்கு மேலும் உண்டு. வாஷிங்டன் மாநிலத்திலும் ஆண்டு போனஸ் உண்டு, வறுமை அதிகமுள்ள பள்ளிகளுக்குக் கூடுதலாக. சில மாநிலங்களில் கைதட்டலோடு சரி. இந்தத் தொகைகள் பட்ஜெட்டுக்குத் தகுந்தபடி மாறும். ஆகவே கட்டணம் கட்டுவதற்கு முன் உங்கள் பள்ளி மாவட்டத்தின் (school district) மனிதவளப் பிரிவிடம் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கட்டணத்தையே மாவட்டம் ஏற்றுக்கொள்ளும் இடங்களும் இருக்கின்றன, கேட்காததால் விட்டவர்கள் நிறையப் பேர்.

நான்கையும் ஒரே ஆண்டில் முடித்துவிடலாமா?

முடியும். நான் அப்படித்தான் செய்தேன், செய்யாதீர்கள் என்றுதான் சொல்வேன். முதல் முயற்சிகளை முடிக்க 3 ஆண்டு, மறுமுயற்சிகளையும் சேர்த்து 5 ஆண்டு அவகாசம் இருக்கிறது. வீட்டில் சின்னக் குழந்தை இருந்தால் ஆண்டுக்கு இரண்டு என்று பிரித்துக்கொள்ளுங்கள். முதல் காம்பொனென்ட் கணினித் தேர்வு: 45 கொள்குறி வினாக்கள், மூன்று விரிவான விடைகள். நம் ஆட்களுக்கு இது பெரிய சிரமம் இல்லை, படித்துத் தேர்வெழுதிப் பழகியவர்கள்தானே. சறுக்குவது, வகுப்பில் நடந்ததை ஆதாரத்தோடு எழுதி அனுப்ப வேண்டிய மற்ற மூன்றில்தான்.

இரண்டாவது காம்பொனென்டுக்கு மாங்கு மாங்கென்று எழுதினேன். 2.0-தான் வந்தது. என்ன குறை என்றே புரியவில்லை.

நீங்கள் எழுதியதை நான் பார்க்கவில்லை, ஆனால் ஊகிக்க முடிகிறது. இரண்டாவதில் மாணவர்களின் தாள்களை வைத்து எழுத வேண்டும். நாமோ என்னென்ன செய்தோம் என்று எழுதுகிறோம். மதிப்பிடுபவருக்கு வேண்டியது, அந்தப் பிள்ளைக்கு என்ன ஆயிற்று என்பதற்கான ஆதாரம். அது தெளிவாக, முன்னுக்குப் பின் முரணில்லாமல், நம்பும்படி இருக்க வேண்டும். மொழிநடைக்கு மதிப்பெண் கிடையாது.

ஓர் எடுத்துக்காட்டு. ஒரு மாணவன் 1/2 + 1/3 = 2/5 என்று போட்டிருக்கிறான். பலர் எழுதுவது இப்படி: "மாணவனுக்குப் பின்னம் கடினமாக இருந்தது. படங்கள் வரைந்து விளக்கினேன். பிறகு நன்றாகப் புரிந்துகொண்டான்." இதில் ஆதாரம் எங்கே இருக்கிறது?

அதையே இப்படிப் பாருங்கள். மேலே உள்ளதை மேலேயும், கீழே உள்ளதைக் கீழேயும் கூட்டியிருக்கிறான். 2/5 என்பது அரையை விடக் குறைவு. அரையோடு எதையோ கூட்டியும் விடை குறைந்துவிட்டதே என்று அவனுக்கு உறுத்தவில்லை. அப்படியானால் அவன் விதியை மறக்கவில்லை, பின்னத்தை ஒரே எண்ணாகவே அவன் பார்க்கவில்லை. அதனால்தான் மீச்சிறு பொது மடங்குக்குப் போகாமல் எண்கோட்டுக்குப் போனேன். இரண்டாவது தாளில் ஓரமாக "அரைக்கு மேல் வர வேண்டும்" என்று பென்சிலில் எழுதிவிட்டு 5/6 போட்டிருக்கிறான். ஆனால் அதே தாளில் 3/4 – 1/3-க்கு 2 என்று விடை. கூட்டலில் வந்த தெளிவு கழித்தலுக்கு இன்னும் வரவில்லை, அடுத்த வாரம் அங்கிருந்து தொடங்கினேன்.

அந்தக் கடைசி வரியை எழுதத்தான் பலருக்குக் கை வராது. குறையைச் சொன்னால் மதிப்பெண் போய்விடுமோ என்ற பயம். உண்மையில் மதிப்பெண் வருவதே அந்த வரியில்தான்.

முதல் 3.0, இரண்டாவது 2.0, மூன்றாவது 2.5, நான்காவது 2.25. தேறவில்லை. எதை மறுபடி எழுதுவது?

கணக்கு வாத்தியாரிடம் கேட்க வேண்டிய கேள்வி! முதல் காம்பொனென்டுக்கு 40 சதவீத எடை, இரண்டாவதுக்கு 15, மூன்றாவதுக்கு 30, நான்காவதுக்கு 15. எடை போட்ட சராசரியை 40-ஆல் பெருக்கினால் மொத்தம். சராசரி 2.75 வந்தால் மொத்தம் 110, அதுதான் தேர்ச்சிக் கோடு. உங்களுக்கு வருவது 103.5. இன்னும் 6.5 வேண்டும்.

குறைந்த மதிப்பெண் இரண்டாவதில் என்பதால் கை தானாக அங்கே போகும். ஆனால் அதை மட்டும் எழுதி எட்ட வேண்டுமானால் 2.0-ஐ ஏறத்தாழ 3.1 ஆக்க வேண்டும். மூன்றாவதில் 2.5-ஐ 3.05 ஆக்கினால் போதும், எடை இரு மடங்கு அல்லவா. கட்டணம் இரண்டுக்கும் ஒன்றுதான். நானாக இருந்தால் மூன்றாவதைத்தான் எடுப்பேன். ஒவ்வொன்றையும் இரண்டு முறை மறுபடி முயலலாம், எது அதிகமோ அதுவே நிற்கும். ஆகவே குறைந்துவிடுமோ என்ற கவலை வேண்டாம்.

அந்த மூன்றாவது காம்பொனென்டில் வீடியோ எடுக்க வேண்டுமாமே? எனக்கு கேமராவைப் பார்த்தாலே நாக்கு ஒட்டிக்கொள்ளும்.

இரண்டு வீடியோ, ஒவ்வொன்றும் 10 முதல் 15 நிமிடம், நடுவில் வெட்டி ஒட்டக் கூடாது. சினிமா மாதிரி இருக்க வேண்டியதில்லை, பிள்ளைகள் பேசுவது காதில் விழ வேண்டும். என் முதல் பதிவில் நான் பேசியது கணீரென்று கேட்டது, பிள்ளைகள் பேசியது முழுக்க ஏசி இரைச்சலில் போய்விட்டது. அருமையான பாடம், வீணாயிற்று. அதிலிருந்து குழு மேசை நடுவில் ஒரு சின்ன மைக் வைக்கத் தொடங்கினேன். பத்துப் பதினைந்து பாடம் பதிவு செய்யுங்கள், மூன்றாவது நாளுக்கு மேல் பிள்ளைகளும் கேமராவை மறந்துவிடுவார்கள், நீங்களும்தான்.

பெற்றோர் ஒப்புதல் படிவத்தைப் பள்ளி திறந்த முதல் வாரமே வாங்கிவிடுங்கள். ஒப்புதல் தராத பிள்ளையைப் பாடத்திலிருந்து விலக்கக் கூடாது, கேமராவின் கோணத்துக்கு வெளியே உட்கார வைக்கலாம். எழுத்தில் பிள்ளைகள் பெயரோ பள்ளியின் பெயரோ வரவே கூடாது.

மேடம், என் மனைவி இதற்காக ஞாயிற்றுக்கிழமைகளைத் தொலைக்கிறார். இதனால் பாடம் நடத்துவது மேம்படும் என்று நிரூபித்திருக்கிறார்களா?

நேர்மையான கேள்வி. 2008-இல் அமெரிக்காவின் தேசிய ஆராய்ச்சி மன்றம் இதை ஆராய்ந்து அறிக்கை வெளியிட்டது. சான்றிதழ் பெற்றவர்களின் மாணவர்கள் தேர்வுகளில் கூடுதலாகத் தேறுகிறார்கள் என்பதற்கு ஆதாரம் இருக்கிறது என்றது. ஆனால் இந்த நடைமுறையால் ஆசிரியர் மேம்படுகிறாரா, ஏற்கெனவே திறமையானவரைத்தான் அது அடையாளம் காட்டுகிறதா என்பதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்றும் சொன்னது. என்னைப் பொறுத்தவரை, விடைத்தாளில் தப்பு என்று சுழித்துவிட்டுப் போகும் பழக்கம் இதனால்தான் போனது. அதற்காக எல்லா ஞாயிறும் வேண்டாம். மே மாதம் சமர்ப்பித்தால் முடிவு பெரும்பாலும் டிசம்பரில் வரும், நடுவில் உள்ள ஞாயிறுகள் உங்களுக்கு.

புதுப்பிப்பதைப் பற்றிச் சொல்லுங்கள். பத்து ஆண்டு என்கிறார்கள், ஐந்து என்கிறார்கள்.

முன்பு பத்து, இப்போது ஐந்து. புதுப்பிப்பதற்கு எம்.ஓ.சி. (Maintenance of Certification, சான்றிதழைத் தக்கவைப்பது) என்று பெயர். நான்கு காம்பொனென்டும் மறுபடி கிடையாது, இரண்டே பகுதி. செலவும் முதலில் ஆனதில் பாதி கூட இல்லை. சான்றிதழ் பெற்ற பிறகு எதில் வளர்ந்தீர்கள், அது மாணவர்களை எப்படிச் சேர்ந்தது என்று ஒரு பகுதியில் எழுத வேண்டும். அதை வகுப்பில் செய்து காட்டும் வீடியோவும் அதன் அலசலும் இன்னொரு பகுதி.

போன பயிலரங்குகளை வரிசையாக அடுக்குவதுதான் இங்கே எல்லோரும் செய்யும் தப்பு. எட்டு பயிலரங்கை விட, பெற்றோரோடு பேசும் முறையை மாற்றியதால் வீட்டுப்பாடம் எப்படி மாறியது என்ற ஒரே கதை போதும், தாள்கள் கையில் இருந்தால். ஆகவே முதல் ஆண்டிலிருந்தே ஒரு கோப்பு போட்டு, பார்த்த மாற்றத்தைத் தேதியோடு குறித்து வையுங்கள். காலாவதி ஆகவிட்டால் மறுபடி முதலிலிருந்துதான்.

நான் இப்போது பயிற்றுநர், சொந்த வகுப்பு இல்லை. புதுப்பிக்க முடியுமா?

முடியும். ஒரு சக ஆசிரியரின் வகுப்பைக் கேட்டு வாங்கிப் பாடம் நடத்துங்கள். லைசென்ஸ் மட்டும் நடப்பில் இருக்க வேண்டும். ஒரே நாளில் போய் வீடியோ எடுத்துவிட்டு வந்துவிடாதீர்கள், பிள்ளைகள் உங்களைப் புது ஆள் போலப் பார்ப்பது திரையில் அப்படியே தெரியும். நாலைந்து வாரம் பழகிவிட்டு எடுங்கள். ஒப்புதல் படிவம் அந்த வகுப்புக்கும் தனியாக வாங்க வேண்டும்.