பச்சிளம் குழந்தையின் எக்கோ ரிப்போர்ட்டில் 'பிடிஏ, பிஎஃப்ஓ': பயப்பட வேண்டுமா?

கேள்வி: என் தங்கைக்கு நிறைமாதத்தில் சுகப்பிரசவம். மறுநாள் குழந்தையின் இதயத்தில் மர்மர் (துடிப்போடு சேர்ந்து வரும் கூடுதல் சத்தம்) கேட்கிறது என்று எக்கோ, அதாவது இதய ஸ்கேன், எடுத்தார்கள். ரிப்போர்ட்டில் 'சிறிய பிடிஏ, பிஎஃப்ஓ' என்று இருக்கிறது. ஆறு வாரம் கழித்து மறுபடி எடுக்கச் சொல்கிறார்கள். குழந்தை நன்றாகப் பால் குடிக்கிறது. ஆனால் இதயத்தில் ஓட்டை என்று வீட்டில் ஒரே அழுகை. ஆபரேஷன் தேவைப்படுமா? அடிக்கடி ஸ்கேன் எடுத்தால் கதிர்வீச்சு பாதிக்காதா?
- ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: கதிர்வீச்சு பயமே வேண்டாம். கர்ப்பத்தில் எடுத்த ஸ்கேன் போலத்தான் எக்கோவும். வெறும் ஒலி அலைகள். தேவைப்படும்போதெல்லாம் எடுக்கலாம். பச்சிளம் குழந்தைக்குப் பெரும்பாலும் மயக்க மருந்தும் தேவையில்லை. வயிறு நிறையப் பால் கொடுத்து, துணியில் சுற்றித் தூங்கவைத்துக் கொண்டுபோங்கள். குழந்தை வீறிட்டு அழுதால் அளவுகள் சரியாக வராது. ஜெல்லைக் கொஞ்சம் வெதுவெதுப்பாக்கித் தடவச் சொல்லிக் கேட்கலாம், தப்பில்லை.

சரி, ரிப்போர்ட்டுக்கு வருவோம். தாய் வயிற்றில் குழந்தைக்கு ஆக்சிஜன் நஞ்சுக்கொடி வழியாக வருகிறது, நுரையீரலுக்கு வேலையில்லை. அதனால் ரத்தம் நுரையீரலைத் தவிர்த்துப் போக இயற்கையே இரண்டு வழிகள் வைத்திருக்கிறது. இதயத்தின் மேலறைகளுக்கு நடுவே உள்ள திறப்பு பிஎஃப்ஓ. நுரையீரல் தமனியையும், உடலுக்கு ரத்தம் கொண்டுபோகும் மகாதமனியையும் இணைக்கும் குழாய் பிடிஏ. நிறைமாதக் குழந்தைகளுக்கு அந்தக் குழாய் பெரும்பாலும் இரண்டு மூன்று நாட்களில் சுருங்கி மூடிவிடும். பிஎஃப்ஓ முழுதாக ஒட்ட மாதக்கணக்கில் ஆகலாம்; பெரியவர்களிலேயே ஏறக்குறைய நாலில் ஒருவருக்கு அது ஒட்டாமல் இருக்கிறது, அவர்களில் பலருக்குத் தெரியவே தெரியாது. பிறந்த மறுநாளே எக்கோ எடுத்தால் இவை இரண்டும் தெரியத்தான் செய்யும். பிரசவித்த பெண்ணிடம் உட்கார்ந்து இதைச் சொல்ல ஐந்து நிமிடம் போதும். யாரும் சொல்லாதது எனக்கு வருத்தமாக இருக்கிறது. நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால், இப்போது ஆபரேஷன் பேச்சுக்கே இடமில்லை.

ஆனால் ஆறாவது வார எக்கோவைத் தவறவிடாதீர்கள். பிடிஏ திறந்திருக்கும்போது மகாதமனியில் சுருக்கம் இருந்தால் அது சரியாகத் தெரியாமல் போகலாம். குழாய் மூடிய பிறகுதான் கால்களுக்குப் போகும் ரத்தம் குறைவது வெளிப்படும். அதனால் டிஸ்சார்ஜுக்கு முன் தொடையில் நாடி பார்த்தார்களா என்று கேளுங்கள். பிறந்து 24 மணி நேரம் கழித்து வலது கையிலும் ஒரு காலிலும் பல்ஸ் ஆக்சிமீட்டர் வைத்து ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு பார்த்தார்களா என்பதையும் கேளுங்கள். இரண்டிலும் 95 சதவீதமோ அதற்கு மேலோ இருந்து, வித்தியாசம் 3-க்குள் இருந்தால் நல்லது.

வீட்டுக்குப் போன பிறகு நாக்கும் உதடும் நீலம் பாய்ந்தாலோ, இரண்டு வாய் குடித்ததும் மூச்சு வாங்கி நிறுத்தி நெற்றி வியர்த்தாலோ, கால்கள் சில்லிட்டு வெளுத்தாலோ ஆறு வாரம் காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். மூச்சை, குழந்தை தூங்கும்போது முழுதாக ஒரு நிமிடம் எண்ணுங்கள். 60-க்கு மேலேயே இருந்தாலும் உடனே போக வேண்டும். கை, கால் நுனி மட்டும் முதல் ஓரிரு நாள் லேசாக நீலமாக இருப்பது சகஜம்.

அடுத்த எக்கோவைக் குழந்தைகள் இதய நிபுணரிடம் எடுப்பது நல்லது. பழைய ரிப்போர்ட்டையும் மறக்காமல் கொண்டுபோங்கள். குழாயின் அளவை ஒப்பிட அது வேண்டும்.