இளம் கேட்சரை எப்போது மேலே கூப்பிடுவது? – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

சென்ற மாதம் பேஸ்பாலில் பேட்டருக்குப் பின்னால் குந்தியிருந்து பந்தைப் பிடிக்கும் கேட்சரின் வேலை பற்றி நீங்கள் எழுதிய கட்டுரையை வீட்டில் எல்லோரும் படித்தோம். நாங்கள் இருப்பது சான் ஹோசேயில். சான் பிரான்சிஸ்கோ ஜயன்ட்ஸின் கீழ்நிலை அணி ஒன்று இங்கேதான் ஆடுகிறது. கோடையில் மகளோடு அடிக்கடி போவேன். பின்னாளில் ஜயன்ட்ஸின் கேட்சரான பஸ்டர் போஸி 2009-இல் இந்த அணிக்காக ஆடினார் என்பதில் அவளுக்குப் பெருமை.

அவரை வைத்துத்தான் வீட்டில் வாதம். 2010-இல் போஸி ஃப்ரெஸ்னோவில், பெரிய லீக்குக்கு ஒரு படி கீழான டிரிபிள்-ஏ நிலையில், .349 சராசரியில் (ஆயிரம் முறை மட்டை பிடித்தால் 349 ஹிட், அதாவது அடித்துப் பேஸைப் பிடிப்பது) அடித்துக்கொண்டிருந்தார். ஜயன்ட்ஸ் மே மாதக் கடைசி வரை அவரைக் கூப்பிடவில்லை. கேட்சராக இன்னும் தேற வேண்டும் என்று காரணம் சொன்னார்கள். பணத்தை மிச்சம் பிடிக்கத்தான் அந்தத் தாமதம் என்பது என் கட்சி. பார்த்திவ் படேல் 17 வயதில் இங்கிலாந்துக்குப் போய் டெஸ்ட் ஆட்டத்தில் கீப்பிங் செய்யவில்லையா? நன்றாக அடிக்கிற பையனை மேலே கொண்டுவர ஏன் இத்தனை தயக்கம்? மகள் இன்னும் ஒரு படி மேலே போகிறாள். கூப்பிட்டுப் பார்க்கட்டும், சரிப்படாவிட்டால் திருப்பி அனுப்பட்டும், அதில் என்ன நஷ்டம் என்கிறாள்.

உங்கள் கருத்தை அறிய ஆவல்.

அன்புடன்
ரா., சான் ஹோசே

*

அன்புள்ள ரா.,

உங்கள் கட்சியில் பாதிக்கு நான் உடன்படுகிறேன். பணக் கணக்கு இருந்தது, சந்தேகமில்லை. ஆனால் .349 என்ற எண்ணை முன்னால் வைத்து நீங்கள் கேட்கிறீர்கள். கேட்சர் விஷயத்தில் நான் கடைசியாகப் பார்க்கும் எண் அதுதான்.

பார்த்திவ் படேலிலிருந்தே தொடங்குகிறேன். விக்கெட் கீப்பர் என்ன பந்து வரப்போகிறது என்பதைக் கணித்து நிற்கிறார். அந்தப் பந்தை முடிவு செய்பவர் பந்துவீச்சாளர். பேஸ்பாலில் கேட்சர் அந்த முடிவில் பாதிக்குப் பங்காளி. வேகப்பந்தா, பக்கவாட்டில் வளையும் ஸ்லைடரா, வேகம் குறைந்த சேஞ்ச்-அப்பா, உள்ளேயா வெளியேயா என்று ஒவ்வொரு பந்துக்கும் முன்னால் அவர்தான் யோசனை சொல்கிறார். முன்பு விரல் சைகை, 2022 முதல் பிட்ச்காம் என்ற மின்னணுக் கருவியின் பொத்தான். 2023-இல் பந்தெறிய நேரக் கெடு வந்த பிறகு, பேஸில் ஆள் இல்லாவிட்டால் 15 விநாடிக்குள் எல்லாம் முடிந்தாக வேண்டும். ஒரு ஆட்டத்தில் நூற்றைம்பது பந்துகள் வரை இப்படி முடிவெடுக்க வேண்டியிருக்கும். எதிரணியில் ஒன்பது பேட்டர்கள். தன் அணியில் பன்னிரண்டு பதின்மூன்று பிட்சர்கள், அதாவது பந்துவீச்சாளர்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு குணம், ஒரு பயம், அன்றைக்குக் கைகொடுக்காத ஒரு பந்து. இத்தனையையும் மனதில் வைத்துக்கொண்டு மண்ணில் விழும் பந்தை உடம்பால் மறிக்க வேண்டும், அடுத்த பேஸைத் திருட ஓடுகிறவனை வீழ்த்தச் சுமார் இரண்டு விநாடியில் பந்து இரண்டாம் பேஸ் போய்ச் சேரும்படி எறிய வேண்டும். பிறகுதான் மட்டையைக் கையில் எடுக்க வேண்டும்.

ஆகவே ஒரு கேட்சரை மேலே கூப்பிடும்போது அந்த அணியின் பந்துவீச்சு முழுவதையும் அவரிடம் ஒப்படைக்கிறார்கள். பிட்சர்கள் அவரை நம்பித் தங்கள் மிகச் சிறந்த பந்தை, தரையில் குத்தி எழுகிற அந்த ஸ்லைடரை, பிடி தவறினால் ரன் போய்விடும்படி மூன்றாம் பேஸில் ஆள் நிற்கும்போதும் எறிவார்களா? நான் முதலில் கேட்பது இதைத்தான். பதில் ஆம் என்றால் அவருக்கு வயது 19 ஆனாலும் கூப்பிடலாம்.

19 என்று சும்மா சொல்லவில்லை. 1991 ஜூன் 20 அன்று டெக்சஸ் ரேஞ்சர்ஸ் இவான் ரொட்ரீகஸைக் கூப்பிட்டது. அவர் அப்போது டல்சாவில், டிரிபிள்-ஏக்கும் ஒரு படி கீழான டபுள்-ஏ நிலையில் இருந்தார். டிரிபிள்-ஏ பக்கமே போகவில்லை. அன்று அவருக்குத் திருமணம்; இரண்டு ஆட்டங்களுக்கு நடுவே மைதானத்தில், பேட்டர் நிற்கும் ஹோம் பிளேட்டிலேயே நடப்பதாக ஏற்பாடு. அழைப்பு வந்ததும் காலையிலேயே திருமணத்தை முடித்துக்கொண்டு சிகாகோவுக்குப் பறந்தார். அன்றிரவே வைட் சாக்ஸ் அணியில் திருட ஓடிய இருவரை எறிந்து வீழ்த்தினார். அந்த ஆண்டு அவர் அடித்தது .264, மூன்றே ஹோம் ரன். யாரும் கவலைப்படவில்லை. புகழ்பெற்ற பிட்சர், 44 வயது நோலன் ரயனின் பந்தை 19 வயதுப் பையன் பிடித்துக்கொண்டிருந்தான், அது போதுமானதாக இருந்தது. பின்னாளில் சிறந்த தற்காப்புக்கான கோல்டு குளவ் விருதுகள் 13, 2017-இல் ஹால் ஆஃப் ஃபேம்.

இதற்கு நேர் எதிரான கதை ஹெசூஸ் மொன்டேரோ. 2011 செப்டம்பரில் நியூயார்க் யாங்கீஸ் அவரைக் கூப்பிட்டபோது 18 ஆட்டங்களில் .328 அடித்தார், நான்கு ஹோம் ரன். ஊரே கொண்டாடியது. ஆனால் அவரைக் கேட்சராக நிறுத்த யாங்கீஸுக்குத் துணிவில்லை. 2012 ஜனவரியில் பிட்சர் மைக்கேல் பினேடாவுக்கு ஈடாக சியாட்டிலுக்குக் கொடுத்துவிட்டார்கள். சியாட்டில் ஓராண்டுக்கு மேல் பார்த்துவிட்டு, 2013 மே மாதத்தில் முதல் பேஸ் ஆடக் கற்றுக்கொள்ளச் சொல்லி அவரைக் கீழே அனுப்பியது. மட்டையை மட்டும் பார்த்து ஒரு கேட்சரை எடைபோட்டால் இப்படித்தான் ஆகும்.

இனி போஸிக்கு வருகிறேன்.

ஃப்ளோரிடா ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் முதல் ஆண்டு போஸி ஷார்ட்ஸ்டாப், அதாவது இரண்டாம், மூன்றாம் பேஸுக்கு இடையே நிற்பவர். கேட்சர் முகமூடி போட்டது 2007-இல்தான். 2008-இல் அணிகள் முறைவைத்துப் புது ஆட்டக்காரர்களை எடுக்கும் ஆண்டுத் தேர்வில் ஜயன்ட்ஸ் அவரை ஐந்தாவது ஆளாகத் தேர்ந்தெடுத்தபோது அந்த இடத்தில் அவருக்கு இரண்டே ஆண்டு அனுபவம். அதுவரை பந்தைத் துரத்தி ஓடியவர், குந்தி உட்கார்ந்து ஒரு பந்துவீச்சாளரின் மனதைப் படிக்கக் கற்றுக்கொண்டிருந்தார். மேலே இருந்தது சாதாரணப் பந்துவீச்சு அல்ல. டிம் லின்ஸெகம் 2008, 2009 இரண்டு ஆண்டும் சிறந்த பிட்சருக்கான சை யங் விருது வாங்கியவர். மேட் கேன் இருந்தார். எந்தப் பந்து எங்கே போகும் என்று சொல்ல முடியாத ஜானதன் சான்செஸ் இருந்தார். இவர்களைப் பிடித்துப் பழகியவர் மூத்தவர் பெங்கி மொலினா. 2010 ஜனவரியில் 45 லட்சம் டாலருக்கு ஓராண்டு ஒப்பந்தம் போட்டு அவரைத் தக்கவைத்துக்கொண்டார்கள். அந்த நிலைமையில் ஏப்ரல், மே இரண்டு மாதம் ஃப்ரெஸ்னோவில் போஸி நாள்தோறும் கேட்ச் செய்தது வீண் என்று என்னால் சொல்ல முடியவில்லை.

நான் குறை சொல்வது அதற்கு முந்தைய செப்டம்பரை. 2009 செப்டம்பரில் மொலினாவுக்குக் காயம் என்று போஸியைக் கூப்பிட்டார்கள். கூப்பிட்டுவிட்டு இன்னொரு கேட்சர் எலி வைட்சைடை ஆடவைத்தார்கள். போஸி ஏழு ஆட்டங்களில் தலைகாட்டினார், 17 முறை மட்டை பிடித்து இரண்டு ஹிட். இளம் கேட்சரை மேலே கொண்டுவந்து பெஞ்சில் உட்காரவைப்பது மிகப் பெரிய தவறு. நாள்தோறும் உழைத்துக் கற்க வேண்டிய வயதில் உடம்பும் கண்ணும் சும்மா கிடக்கின்றன. ஆடவைக்க மனமில்லை என்றால் கூப்பிடவே கூடாது.

2010-இல் அதைச் சரியாகச் செய்தார்கள். மே 29 அன்று கூப்பிட்டு முதல் பேஸில் நிறுத்தினார்கள். முதல் ஆட்டத்திலேயே மூன்று ஹிட். அந்த ஒரு மாதத்தை நான் மிகவும் மதிக்கிறேன். பெரிய லீக் பேட்டர்கள் எதை அடிக்கிறார்கள், எதற்கு ஏமாறுகிறார்கள் என்று களத்திலேயே நின்று பார்க்க அவருக்கு வாய்ப்புக் கிடைத்தது. தன் பிட்சர்களோடு ஒரே அறையில் இருந்தார். ஜூன் முடிவில் மொலினாவை டெக்சஸுக்கு மாற்றிவிட்டு, முகமூடியை முழுவதுமாகப் போஸியிடம் கொடுத்தார்கள். பாதி வழியில் நிற்கவில்லை. மூத்தவர் அங்கேயே இருந்திருந்தால், ஒரு மோசமான ஆட்டம் போதும், லின்ஸெகம் பழைய ஆளைத் தேடியிருப்பார்.

விளைவு எல்லோருக்கும் தெரியும், ஆனாலும் மட்டையைத் தாண்டி ஒன்றைப் பாருங்கள். அந்த செப்டம்பரில் ஜயன்ட்ஸ் பிட்சர்கள் தொடர்ந்து 18 ஆட்டங்களில் மூன்று ரன்னுக்கு மேல் கொடுக்கவில்லை. அதுவும் பிரிவுப் பட்டத்துக்காக சான் டியேகோவோடு கழுத்தை நெரிக்கும் போட்டி நடந்த மாதத்தில். அக்டோபர் 31 அன்று, பட்டத்தை முடிவு செய்யும் உலகத் தொடரின் நான்காம் ஆட்டத்தில் 21 வயது மேடிசன் பம்கார்னர் எட்டு இன்னிங்ஸ் ரன்னே கொடுக்காமல் எறிந்தார். பிடித்தவர் போஸி, அவரும் புதுமுகம். அன்று ஒரு ஹோம் ரனும் அடித்தார். எதிரணி டெக்சஸ், அங்கே பெங்கி மொலினா. .305, 18 ஹோம் ரன், ஆண்டின் சிறந்த புதுமுகம் விருது என்று பட்டியலிடுவார்கள். எனக்கு அந்த எட்டு இன்னிங்ஸ்தான் அவருடைய தேர்ச்சிச் சான்றிதழ்.

அடுத்து பணம். இங்கே உங்கள் கோபம் நியாயம். ஒரு சீசன் சுமார் 187 நாள். அதில் 172 நாள் பெரிய லீக் பட்டியலில் இருந்தால் ஓராண்டு என்று கணக்கு. ஆறு ஆண்டு சேர்ந்தால்தான் ஆட்டக்காரர் விரும்பிய அணிக்குப் போகலாம். ஏப்ரலில் சில வாரம் கீழே வைத்தால் அந்த ஆண்டு முழு ஆண்டாகாது. அணிக்கு ஏழாவது ஆண்டும் உரிமை கிடைத்துவிடும். அதை வெளியே சொல்ல முடியாது. அதனால் 'தற்காப்பில் தேற வேண்டும்' என்பார்கள். 2021 பிப்ரவரியில் சியாட்டில் அணியின் தலைவர் கெவின் மாத்தர் இளைஞர்களைக் கீழே வைக்கும் இந்தக் கணக்கை ஒரு கூட்டத்தில் வெளிப்படையாகப் பேசிவிட்டார், காணொளி வெளியே வந்தது, பதவி விலக நேர்ந்தது. டிரிபிள்-ஏ ஆட்டக்காரரின் குறைந்தபட்சச் சம்பளம் 2023 ஒப்பந்தத்துக்குப் பிறகுகூட ஆண்டுக்கு 35,800 டாலர். 2025-இல் பெரிய லீக்கின் குறைந்தபட்சம் 7,60,000. தகுதி வந்த ஒருவனை இந்த இடைவெளியில் தேக்கிவைப்பது அநியாயம். கேட்சருக்கு அது இன்னும் கொடுமை, ஏனென்றால் அவர் முழங்காலுக்கு ஆயுள் குறைவு. ஜோ மவர் 2004-இல் 20 வயதில் மினசோட்டாவுக்கு வந்தார், இரண்டாவது ஆட்டத்திலேயே முழங்கால் கிழிந்தது. மூன்று பேட்டிங் பட்டம் வென்ற அந்த மனிதர் 2013-இல் தலையில் பட்ட அடிக்குப் பிறகு கேட்சர் இடத்தையே விட்டார். போஸிக்கும் 2011 மே 25 அன்று ஹோம் பிளேட்டில் மோதிய மோதலில் கால் எலும்பு முறிந்தது. ஒரு கேட்சர் கீழே கழிக்கும் தேவையற்ற ஒவ்வோர் ஆட்டமும் அவர் உடம்பிலிருந்து எடுக்கப்படுகிறது.

போஸி விஷயத்தில் அணி மிச்சம் பிடித்த அந்த ஆண்டுக்கும் கடைசியில் பயனில்லாமல் போயிற்று. 2012-இல் அவர் மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருது வென்றதும், 2013 மார்ச்சில் ஒன்பது ஆண்டுக்கு 16 கோடியே 70 லட்சம் டாலர் கொடுத்துத் தக்கவைத்துக்கொண்டார்கள்.

2022-இல் வந்த தொழிலாளர் ஒப்பந்தம் இந்தத் தந்திரத்தைக் கொஞ்சம் கட்டிப்போட்டிருக்கிறது. சிறந்த புதுமுகம் வாக்கெடுப்பில் முதல் இரண்டு இடத்துக்குள் வந்தால் முழு ஆண்டாகவே கணக்கிடுவார்கள். முதலில் பலன் பெற்றவர்களில் ஒருவர் கேட்சரே: பால்டிமோரின் ஆட்லி ரட்ஷ்மன். காயத்தால் தாமதமாகி மே 21 அன்று வந்தவர், இரண்டாம் இடம் பிடித்தார். முந்தைய ஆண்டு 110 ஆட்டம் தோற்ற அணி அந்த ஆண்டு 83 வென்றது. அதே பால்டிமோர் 2025 ஆகஸ்டில் 21 வயது சாமுவெல் பசாயோவைக் கூப்பிட்டு, ஒரு வாரத்துக்குள் எட்டு ஆண்டு ஒப்பந்தம் போட்டது. நாளைக் கணக்குப் பார்த்துப் பதுக்குவதைவிட இது நேர்மையான வழி.

கடைசியாக உங்கள் மகளின் கேள்வி. திருப்பி அனுப்பினால் என்ன நஷ்டம்?

மொன்டேரோவைக் கீழே அனுப்பிய சியாட்டிலுக்கு அடுத்த மாதமே கேட்சர் பஞ்சம். அதன் டிரிபிள்-ஏ அணி டகோமாவில் மைக் ஜூனினோ இருந்தார், 2012 தேர்வில் மூன்றாவது ஆள், ஓராண்டு அனுபவம். கையுறை வேலை நன்று. மட்டை பிடித்தால் அங்கேயே ஏராளமாக ஸ்ட்ரைக்-அவுட், அதாவது மூன்று ஸ்ட்ரைக்கில் அவுட், ஆகிக்கொண்டிருந்தார். அவர் தயாரா என்று பார்த்துக் கூப்பிடவில்லை, ஆள் வேண்டும் என்பதற்காகக் கூப்பிட்டார்கள். 2013-இல் .214. அடுத்த ஆண்டு .199, 158 ஸ்ட்ரைக்-அவுட்டுக்கு 17 வாக்தான் (நான்கு தவறான பந்துக்கு இலவசமாகக் கிடைக்கும் முதல் பேஸ்). 2015-இல் .174. ரொட்ரீகஸும் முதல் ஆண்டு பெரிதாக அடிக்கவில்லைதான், ஆனால் அவர் மட்டையில் பந்து பட்டுக்கொண்டிருந்தது. ஜூனினோ பந்தையே தவறவிட்டார். தவறவிடும் பழக்கத்தைப் பெரிய லீக் பிட்சர்கள் ஒவ்வொரு இரவும் ஆழப்படுத்தினார்கள். பிட்சர்களைக் கவனிக்கும் வேலையே நாளை விழுங்கிவிடும்போது மட்டையை அவர் எப்போது சரிசெய்வது? ஆகஸ்டில் டகோமாவுக்கே திருப்பி அனுப்பினார்கள். 2016-இலும் பெரும்பகுதி அங்கேயே கழிந்தது. அவர் லீக்கின் சிறந்தவர்கள் ஆடும் ஆல்-ஸ்டார் ஆட்டத்துக்குத் தேர்வானது 2021-இல், 30 வயதில், டாம்பா பே அணியில். அந்த ஆட்டத்தில் ஒரு ஹோம் ரனும் அடித்தார். முதல் அழைப்புக்கும் அதற்கும் இடையே எட்டு ஆண்டு.