வாங்குவோர் கேள்வி-பதில்: டெல்லி போய் வந்தவர்களின் கடிதங்கள்

கோடை விடுமுறை முடிந்ததும் வரும் தபாலில் பாதி டெல்லியைப் பற்றித்தான் இருக்கும். இந்த முறையும் அப்படியே. நீளமான கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன், பெயர்களை எடுத்துவிட்டிருக்கிறேன்.

கேள்வி: ஏப்ரலில் ஐந்து பேராக டெல்லி போனோம். நியூடெல்லி ஸ்டேஷனில் ஏறிய ஆட்டோக்காரர், "இன்றைக்கு மந்திரி வருகிறார், செங்கோட்டையை மூடிவிட்டார்கள்" என்று சொல்லி ஒரு "அரசு சுற்றுலா அலுவலகத்தில்" இறக்கிவிட்டார். அங்கே மதுரா, ஆக்ரா, ஜெய்ப்பூர் மூன்றுக்கும் காருக்கு 21,000 ரூபாய் கட்டினோம். ஏசி ஓடவில்லை. ஆக்ராவோடு திருப்பிவிட்டார்கள். பணத்தைக் கேட்டால், "கேஸ் போடு, டெல்லி கோர்ட்டுக்கு வா" என்கிறார்கள். ரசீது இருக்கிறது. என்ன செய்வது?
(திருச்சி)

பதில்: நீங்கள் டெல்லிக்குப் போக வேண்டாம். அவர்களைத் திருச்சிக்கு வரவழைக்கலாம்.

2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. அதன்படி, புகார் கொடுப்பவர் குடியிருக்கும் ஊரின் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். பழைய சட்டத்தில் இந்த வசதி இல்லை. வெளியூர்க்காரனை ஏமாற்றினால் அவன் திரும்பி வரமாட்டான் என்ற தைரியத்தில் நடந்த தொழில் இது. உங்களை மிரட்டியவர்கள் இன்னும் அந்தப் பழைய தைரியத்தில்தான் பேசுகிறார்கள்.

முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதியுங்கள். தமிழிலேயே பேசலாம். பிறகு என்ன பேசப்பட்டது, எது கிடைக்கவில்லை, எவ்வளவு பணம் திரும்ப வேண்டும் என்று ஒரு பக்கத்தில் எழுதி பதிவுத் தபாலில் அவர்களுக்கு அனுப்புங்கள். பதினைந்து நாள் பாருங்கள். பதில் வரவில்லை என்றால் ஆணையத்துக்குப் போங்கள். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணம் கிடையாது. இ-ஜாக்ரிதி இணையதளத்தில் வீட்டிலிருந்தே தாக்கல் செய்யலாம். வக்கீல் வைத்துத்தான் ஆகவேண்டும் என்றும் இல்லை. இரண்டு வருடத்துக்குள் செய்துவிட வேண்டும், அவ்வளவுதான்.

நீங்கள் கடிதத்தில் நான்கு இடத்தில் "எங்கள் முட்டாள்தனம்" என்று எழுதியிருக்கிறீர்கள். அதை அடித்துவிடுங்கள். நாள் கணக்கில் ரயிலில் வந்து இறங்கிய குடும்பத்திடம், பாஷை தெரியாத இடத்தில், அரசு முத்திரை மாதிரி ஒன்றை வரைந்து வைத்து காசு பிடுங்கியது அவர்கள் குற்றம். மற்ற வாசகர்களுக்கு ஒரு வார்த்தை: மத்திய சுற்றுலாத் துறையின் டெல்லி அலுவலகம் ஜன்பத் 88-ஆம் எண்ணில் இருக்கிறது. ஆட்டோக்காரர் தானாகக் கொண்டுபோய் இறக்கும் எந்த அலுவலகமும் அது அல்ல.

கேள்வி: திங்கள்கிழமை காலையில் செங்கோட்டை போனோம். பூட்டியிருந்தது. ஆட்டோவுக்கு 300 ரூபாய் வீண். யாரிடம் புகார் செய்வது?
(ஈரோடு)

பதில்: யாரிடமும் முடியாது. செங்கோட்டைக்கு வாராவாரம் திங்கள் விடுமுறை. தாமரைக் கோவில், அக்ஷர்தாம், தேசிய அருங்காட்சியகம் எல்லாவற்றுக்கும் அப்படித்தான். தாஜ்மகாலுக்கு வெள்ளி. குதுப்மினாரும் ஹுமாயூன் கல்லறையும் எல்லா நாளும் திறந்திருக்கும். திங்கட்கிழமையை அவற்றுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஒரு நாள் ஆக்ரா டூர், ஏசி பஸ், தலைக்கு 850 ரூபாய் என்று லாட்ஜிலேயே டிக்கெட் போட்டுத் தருகிறார்கள். வயதான அப்பா அம்மாவோடு போகிறோம். இது லாபம்தானே?
(விருதுநகர்)

பதில்: வேண்டாம். இந்த ஒரு கேள்விக்குக் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்கிறேன், ஏனென்றால் நான் இதில் ஏமாந்தவள்.

சில வருடங்களுக்கு முன் டிசம்பரில், மாமனார் மாமியாரைக் கூட்டிக்கொண்டு இதே மாதிரி ஒரு பஸ்ஸில் போனேன். காலை ஆறு மணிக்குக் கிளம்பும் என்றார்கள். ஆறு மணிக்கு எங்களை ஏற்றினார்கள், அது உண்மை. அப்புறம் எட்டரை மணிவரை லாட்ஜ் லாட்ஜாகச் சுற்றி ஆள் ஏற்றினார்கள். வழியில் அவர்கள் சொன்ன தாபாவில்தான் சாப்பாடு. ஆக்ராவுக்குள் நுழைந்ததும் நேரே ஒரு பளிங்குக் கடை. உள்ளே விளக்கை அணைத்து, ஒரு தட்டுக்கு அடியில் டார்ச் அடித்துக் காட்டினார்கள். வெள்ளைக் கல்லுக்குள் சிவப்புப் பூ இதழ் நெருப்பு மாதிரி எரிந்தது. அழகாகத்தான் இருந்தது. மாமியார் 2,600 ரூபாய் கொடுத்து வாங்கினார். அங்கே ஒன்றே கால் மணி நேரம் போனது. அடுத்து பேட்டா மிட்டாய்க் கடை. தாஜ்மகால் வாசலுக்கு வந்தபோது மணி நாலே முக்கால். டிசம்பரில் அங்கே ஐந்தரைக்கெல்லாம் சூரியன் இறங்கிவிடும். வரிசையில் நின்று உள்ளே போய், மாமியார் அந்தப் பெரிய வாசலைத் தாண்டியபோது கட்டடம் சாம்பல் நிறமாகியிருந்தது. கல்லறை மேடைக்கு ஏற நேரமில்லை. "பார்த்தாச்சு, போதும்மா" என்றார். அவருக்கு அது இரண்டாவது தடவை வாய்க்கவில்லை.

ஊருக்கு வந்து தட்டைத் துடைக்கும்போது விரல் நகம் பட்டுக் கோடு விழுந்தது. கல்சட்டி செய்கிற மாக்கல் அது. பளிங்கில் நகத்தால் கீறினால் ஒன்றும் ஆகாது. இதைக் கடையிலேயே தட்டின் அடிப்பக்கத்தில் செய்து பார்த்திருக்கலாம். அன்றைக்கு எனக்குத் தெரியாது.

இந்த பஸ்ஸில் நீங்கள் 850 ரூபாய் கொடுத்துப் பயணம் செய்கிற ஆள் மட்டும் இல்லை. கடைக்காரருக்குக் கொண்டுபோய்க் கொடுக்கப்படுகிற வாடிக்கையாளரும் நீங்கள்தான். நீங்கள் வாங்குவதில் பஸ்காரருக்கும் கைடுக்கும் பங்கு இருக்கிறது. தாஜ்மகாலில் நீங்கள் நிற்கும் நேரத்தில் அவர்களுக்கு ஒரு பைசா வராது. அதனால் அந்த நேரம்தான் குறையும். டிக்கெட்டில் எந்த இடத்தில் எத்தனை மணி நேரம் என்று எழுதித் தரச் சொல்லிக் கேட்டுப் பாருங்கள். எழுதித் தருபவர் யாராவது இருந்தால் அந்த பஸ்ஸில் தாராளமாகப் போங்கள்.

ரயிலில் போங்கள். டெல்லியிலிருந்து ஆக்ரா கண்டோன்மென்ட் 200 கிலோமீட்டருக்கும் குறைவு. நியூடெல்லியில் காலை ஆறு மணிக்குக் கிளம்பும் போபால் சதாப்தி எட்டு மணிவாக்கில் கொண்டுவிடும். நிஜாமுதீனிலிருந்து கதிமான் எக்ஸ்பிரஸ் ஒரு மணி நாற்பது நிமிடத்தில் போகும், வெள்ளி தவிர. காசு குறைவாக வேண்டும் என்றால் தாஜ் எக்ஸ்பிரஸில் இரண்டாம் வகுப்பு இருக்கை இருக்கிறது. தாஜ்மகாலுக்கு இந்தியர்களுக்கு 50 ரூபாய், மேடையேறிக் கல்லறைக்குள் போகத் தனியாக 200. பதினைந்து வயதுக்குக் கீழே இலவசம். ஒரு டிக்கெட்டில் மூன்று மணி நேரம் உள்ளே இருக்கலாம். அப்பா அம்மாவுக்கு நிதானமாகப் பார்க்க அது போதும்.

கேள்வி: டெல்லியில் தெருவோரக் கடையில் பஷ்மினா சால்வை 1,200 ரூபாய்க்கு வாங்கினேன். மோதிரத்துக்குள் இழுத்துக் காட்டினார்கள், வழுக்கிக்கொண்டு போனது. அசல்தானா?
(நாகர்கோவில்)

பதில்: இல்லை. மெல்லிய செயற்கைத் துணி எதுவும் மோதிரத்துக்குள் போகும். ஓரத்தில் தொங்கும் நூலில் ஒன்றைப் பிய்த்து நெருப்பில் காட்டுங்கள். முடி கருகும் வாடை வந்து, சாம்பல் கையில் பொடிந்தால் கம்பளி வகை. பிளாஸ்டிக் மாதிரி உருகி கெட்டியான உருண்டையானால் அக்ரிலிக். கையால் நூற்று நெய்த அசல் காஷ்மீர் பஷ்மினா இந்த விலைக்கு வரவே வராது.

நானும் அம்மாவுக்கு இப்படி ஒன்று வாங்கினேன். மார்கழி அதிகாலையில் கோவிலுக்குப் போர்த்திப் போவாள் என்று ஆசையாக வாங்கியது. முதல் துவைப்பிலேயே முழுக்க உருண்டை உருண்டையாக நூல் திரண்டுவிட்டது. என் மனசு நோகக் கூடாதென்று அதையே மூன்று மார்கழி போர்த்தினாள்.

பாபா கரக் சிங் மார்க்கில் மாநில அரசுகளின் கைவினைக் கடைகள் வரிசையாக இருக்கின்றன. நம் பூம்புகாரும் அங்கே உண்டு. ஜன்பத்தில் மத்திய குடிசைத் தொழில் எம்போரியம் இருக்கிறது. பேரம் கிடையாது, பில் உண்டு. வாங்காவிட்டாலும் முதலில் அங்கே போய் அசலைத் தொட்டுப் பாருங்கள், விலை அட்டையையும் பாருங்கள். அதற்கப்புறம் தெருவில் நிற்பவர் சொல்லும் விலை எதைக் காட்டுகிறது என்று உங்களுக்கே புரியும்.

கேள்வி: கரோல் பாகில் பாதி விலைக்கு ரூம் என்று இணையத்தில் ஒரு போன் நம்பர் பார்த்து, 9,000 ரூபாயை முழுசாக யுபிஐயில் அனுப்பினேன். பிறகு "சரிபார்ப்புக்கு" என்று இன்னொரு 4,000 கேட்டார்கள், அதையும் அனுப்பினேன். போய்ப் பார்த்தால் அப்படி ஒரு புக்கிங்கே இல்லை என்கிறார்கள்.
(கோவை)

பதில்: முதல் 9,000-க்கு உங்களுக்காக வருத்தப்படுகிறேன். இரண்டாவது 4,000-க்கு முன்னால் அந்த ஓட்டலின் வரவேற்பறைக்கு ஒரு போன் செய்திருக்கலாமே! பணம் போய்ச் சேர்ந்தது ஒரு தனி ஆளின் பெயருக்கு என்று உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. அதைப் படித்துப் பார்த்துத்தானே அனுப்பும் பொத்தானைத் தட்டினீர்கள்? இந்தப் பகுதியில் ஆறு மாதத்துக்கு ஒருமுறை இதையே எழுதுகிறேன்.

சரி, செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை உடனே கூப்பிடுங்கள். சைபர் குற்றப் புகார் இணையதளத்திலும் பதியுங்கள். உங்கள் வங்கிக்கும் எழுத்தில் கொடுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ அந்த அளவுக்குத்தான் பணம் எதிராளியின் கணக்கிலேயே முடக்கப்பட வாய்ப்பு. நீங்கள் எனக்குக் கடிதம் எழுத எடுத்துக்கொண்ட பதினோரு நாளில் செய்திருக்க வேண்டியது இது.

கேள்வி: இலங்கைக் கடவுச்சீட்டுடன் டெல்லி, ஆக்ரா பார்க்க வருகிறோம். வெளிநாட்டவர் கட்டணம் மிக அதிகம் என்கிறார்களே?
(யாழ்ப்பாணம்)

பதில்: உங்களுக்கு அந்தக் கட்டணம் இல்லை. சார்க் என்ற தெற்காசியக் கூட்டமைப்பு நாட்டவர்களுக்குச் செங்கோட்டை, குதுப்மினார், ஹுமாயூன் கல்லறை போன்ற தொல்லியல் துறை இடங்களில் இந்தியர்களுக்கான கட்டணம்தான். குதுப்மினாரில் மற்ற வெளிநாட்டவருக்கு 600 ரூபாய் என்றால் நீங்கள் 40 ரூபாய்க்குள் முடிக்கலாம். தாஜ்மகாலில் மட்டும் சார்க் நாட்டவருக்கு 540, மற்ற வெளிநாட்டவருக்கு 1,100. கல்லறைக்குள் போகத் தனியாக 200. கடவுச்சீட்டைக் கையில் எடுத்துப் போங்கள், போட்டோ பிரதி போதாது என்று வைத்துக்கொள்ளுங்கள். கவுன்டரில் உள்ளவருக்குச் சொல்லாமல் தெரியாது. நீங்கள்தான் "ஸ்ரீலங்கா, சார்க்" என்று முதலில் சொல்ல வேண்டும்.

கேள்வி: ரெஸ்டாரன்ட் பில்லில் சர்வீஸ் சார்ஜ் 10 சதவீதம் போட்டார்கள். கொடுத்தே ஆகவேண்டுமா?
(சேலம்)

பதில்: வேண்டாம். 2022-இல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் இதைக் கட்டாயப்படுத்தக் கூடாது என்றது, 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. எடுத்துவிட்டு வேறு பில் தரச் சொல்லுங்கள்.

கேள்வி: ஜனவரியில் பனிமூட்டத்தால் டெல்லியிலிருந்து எங்கள் ரயில் ஒன்பது மணி நேரம் தாமதம். விமானத்தில் வந்துவிட்டோம். ரயில் டிக்கெட் பணம் கிடையாது என்கிறார் ஏஜென்ட். சரியா?
(மதுரை)

பதில்: நீங்கள் ஏறும் ஸ்டேஷனில் மூன்று மணி நேரத்துக்கு மேல் தாமதம் என்றால், பயணம் செய்யாதவருக்கு முழுப் பணமும் உண்டு. ஆனால் ரயில் உண்மையில் கிளம்புவதற்கு முன்னால் டிடிஆர், அதாவது டிக்கெட் பணத்தைத் திரும்பக் கேட்கும் மனு, பதிந்திருக்க வேண்டும். ஏஜென்டை நீங்கள் அப்போதே கேட்டீர்களா, அவர் செய்யாமல் விட்டாரா என்பதுதான் இப்போது கேள்வி. கேட்டதற்கு வாட்ஸ்அப்பில் ஒரு வரி இருந்தாலும் பணத்தை அவரிடம் வாங்கலாம். டிசம்பர், ஜனவரியில் வடக்கே போகிறவர்கள் டிடிஆர் பதிவது எப்படி என்று கிளம்பும் முன்பே பார்த்துவையுங்கள்.

கேள்வி: நான்கு பேர், மூன்று நாள், செலவு குறைவாக. ஆட்டோவா, மெட்ரோவா? கடைசி நாள் ரூமைக் காலி செய்துவிட்டு ரயில் வரும்வரை பைகளை எங்கே வைப்பது?
(தஞ்சாவூர்)

பதில்: மெட்ரோ. செங்கோட்டைக்கு லால் கிலா ஸ்டேஷன் வாசலிலேயே இறக்கும். குதுப்மினார் ஸ்டேஷன் மட்டும் பெயரை நம்பி நடக்காதீர்கள், கோபுரம் அங்கிருந்து ஒன்றரை கிலோமீட்டர், ஷேர் ஆட்டோ கிடைக்கும். இந்தியா கேட், தேசியப் போர் நினைவகம், லோதி தோட்டம், ராஜ்காட் எல்லாம் இலவசம். பங்களா சாகிப் குருத்வாராவில் தலையை மூடிக்கொண்டு உள்ளே போங்கள். லங்கர் என்ற அன்னதானக் கூடத்தில் தரையில் உட்கார வைத்து ரொட்டியும் பருப்பும் கை நிறையப் போடுவார்கள், யாரும் காசு கேட்க மாட்டார்கள். ரொட்டியை இரண்டு கையையும் ஏந்தி வாங்குங்கள்.

பைகளை ஸ்டேஷன் கிளோக் ரூமில் வைக்கலாம். ரயில் டிக்கெட்டைக் காட்ட வேண்டும். பூட்டாத பையை வாங்க மாட்டார்கள். ஊரிலிருந்தே இரண்டு சின்னப் பூட்டு எடுத்துப் போங்கள், ஸ்டேஷன் வாசலில் அவசரத்துக்கு வாங்கினால் அவர்கள் சொன்னதுதான் விலை.