கரையைப் பார்

அன்புள்ள ஆசிரியருக்கு,

அப்பாவழித் தாத்தாவின் கடலோர ஊரை நினைவிலிருந்து உருவங்களை அப்படியே காட்டாத அரூப நிலக்காட்சிகளாக வரைந்து வருகிறேன். நான் அங்கே வாழ்ந்தவள் அல்ல. சிறுவயதில் நான்கு கோடை விடுமுறைகள், அவ்வளவுதான். பார்ப்பவர்கள் “கடல்தானே?” என்று சொல்லி நகர்ந்துவிடுகிறார்கள். ஊர்ப்பெயரையே தலைப்பாக வைத்துவிடட்டுமா? இவ்வளவு குறைந்த நினைவை நம்பி வரைவது சரியா? அக்ரிலிக்கா எண்ணெய் வண்ணமா என்பதிலும் குழப்பம். மூன்று படங்களை இணைத்திருக்கிறேன்.

எஸ்.

அன்புள்ள எஸ்.,

எண்ணெய் வண்ணம் மெதுவாகக் காயும், மனம் மாற அவகாசம் தரும். அக்ரிலிக் அவ்வளவு தராது. மிச்சத்தை உங்கள் கையிடம் கேளுங்கள். நான்கு விடுமுறைகள் போதுமா என்கிறீர்கள். பெரிய சொத்தம்மா அது. என் அம்மாவின் அப்பாவுடைய கடலில் எனக்குக் கிடைத்தது ஒரே ஒரு காலைப்பொழுது. சில நாட்களாக அதையே நினைத்துக்கொண்டிருந்தேன், உங்கள் கடிதம் வந்தது.

எனக்கு ஒன்பது வயது. படகு கிளம்பிய கொஞ்ச நேரத்தில் குடல் வாய்க்கு வந்துவிட்டது. “கடலைப் பார்க்காதே, கரையைப் பார்” என்றார் தாத்தா. பார்த்தேன். கரை நகர்ந்துகொண்டிருந்தது. கலங்கரை விளக்கம் மெல்ல மெல்ல வந்து ஒற்றைப் பனைக்குப் பின்னால் ஒளிந்தது. இன்னொரு பக்கம் குன்றின் பள்ளத்தில் ஒரு வெள்ளைச் சுவர் போய்ப் பொருந்தியது. இரண்டும் சேர்ந்த இடத்தில்தான் அவர் வலையை இறக்கினார். கீழே பாறை இருப்பதை அந்தப் பனை சொல்லிவிட்டது. அன்று முழுக்க அவர் தொடுவானத்தை ஒருமுறைகூடப் பார்த்ததாக எனக்கு நினைவில்லை.

இப்போது உங்கள் படங்களுக்கு வருகிறேன். மூன்றிலும் குறுக்கே ஒரு கோடு. மேலே வெளிர்நீலம், கீழே கருநீலம். கோட்டை ஈரத்துணியால் துடைத்துக் கலைத்துவிட்டால் அரூபமாகிவிடும் என்று யார் சொன்னது? மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்த நாட்காட்டிப் படம் அது. “கடல்தானே?” என்றவர்கள் சரியாகத்தான் பார்த்திருக்கிறார்கள். மணலில் நின்று கடலைப் பார்ப்பது விடுமுறைக்கு வந்தவர்களின் பார்வை. உங்கள் தாத்தா அப்படி நின்றிருப்பாரா?

பீட்டர் லேன்யனைத் தேடிப் பாருங்கள். 1918-இல் இங்கிலாந்தின் கார்ன்வால் கடலோரத்தில், செயின்ட் ஐவ்ஸில் பிறந்து, அந்த நிலத்தையே வரைந்த ஓவியர். 1951-இல் வரைந்த ‘போர்த்லெவன்’ ஒரு துறைமுக ஊர். உள்துறை, வெளித்துறை, மணிக்கூண்டு எல்லாம் இருக்கின்றன, ஆனால் ஓரிடத்தில் நின்று பார்த்தது அல்ல. சுற்றி வந்து, ஏறி இறங்கிப் பார்த்ததையெல்லாம் ஒரே கித்தானில் மடித்து வைத்திருக்கிறார். வரைவதற்கு முன் அந்த இடத்தைப் பொருள்களால் கட்டிப் பார்க்கும் பழக்கம் அவருக்கு இருந்தது. ‘செயின்ட் ஜஸ்ட்’ என்ற சுரங்க ஊரின் படத்தில் நடுவே மேலிருந்து கீழாக ஒரு கறுப்பு இறங்கும். சுரங்கத்தின் குழி அது. அந்தப் பக்கத்து லெவன்ட் சுரங்கத்தில் 1919-இல் 31 பேர் இறந்தார்கள். கடலோர ஊரை வரைந்தவருக்குக் கண் மண்ணுக்குள் போயிருக்கிறது. பின்னாளில் போதாதென்று இயந்திரமில்லாத கிளைடர் விமானத்தில் ஏறி மேலிருந்தும் பார்த்தார். 1964-இல் அந்தப் பறத்தலே அவர் உயிரைக் கொண்டுபோனது. நீங்கள் பறக்க வேண்டாம். திரும்பி நின்றால் போதும்.

தலைப்பைக் கேட்டீர்கள், மறந்தேபோனேன். ஊர்ப்பெயரை இப்போதைக்கு வைக்காதீர்கள். அதை நம்பிப் படம் சோம்பேறியாகிவிடும்.

கோபமாக எழுதிவிட்டேனோ என்று மூன்றாவது படத்தை மறுபடி பெரிதாக்கிப் பார்த்தேன். வலது கீழ் மூலையில், நீலத்துக்கு அடியில், துருநிறத்தில் விரலகலக் கீறல் ஒன்று. அதைப் பாதி மூடியிருக்கிறீர்கள். உப்புக்காற்று தின்ற ஜன்னல் கம்பியா? அந்த ஜன்னல் எந்தப் பக்கம் திறக்கும்? நீலத்தைச் சுரண்டி எடுத்துவிட்டு அதை எனக்கு எழுதுங்கள்.