மகளுக்குப் பேச்சு வரவில்லை என்றால் முதலில் இதைச் செய்யுங்கள்

தம்பி, மகளுக்கு 26 மாதமாகியும் பேச்சு வரவில்லை, எச்4 விசாவில் (அமெரிக்காவில் வேலை விசாவில் இருப்பவரின் குடும்பத்துக்கான விசா) அரசு உதவி கேட்கலாமா, எந்த ஊரில் வீடு பார்ப்பது, எந்தக் கார் வாங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள். காரெல்லாம் மெதுவாகப் பார்க்கலாம்.

உதவியைத் தாராளமாகக் கேட்கலாம். அமெரிக்காவில் குறைபாடுள்ள பிள்ளைகளின் கல்விக்கான ஐடியா (IDEA) சட்டத்தில் 'பார்ட் சி' என்ற பிரிவு மூன்று வயதுக்குட்பட்டவர்களுக்கானது. விசாவைக் காட்டி மறுக்க மாட்டார்கள். டாக்டர் சீட்டும் வேண்டாம். உங்கள் மாநிலத்தின் 'ஏர்லி இன்டர்வென்ஷன்' (சிறு வயதிலேயே உதவும் திட்டம்) அலுவலகத்துக்கு நீங்களே எழுதலாம். போனில் மட்டும் சொல்லி விடாதீர்கள். அவர்களுக்குத் தகவல் போன நாளிலிருந்து 45 நாளுக்குள் பரிசோதனை முடித்து, பிள்ளைக்கு என்னென்ன சேவை என்று எழுதும் முதல் திட்டக் கூட்டமும் நடத்த வேண்டும். தேதியுள்ள மின்னஞ்சல் இல்லாவிட்டால் அந்தக் கெடுவைக் காட்டிக் கேட்பது கடினம்.

அதே மின்னஞ்சலில் தமிழ் மொழிபெயர்ப்பாளரையும் கேளுங்கள். "பந்தை எடுத்துத் தா" என்றால் ஓடிப்போய் எடுக்கிற பிள்ளை, அதையே ஆங்கிலத்தில் கேட்டால் திருதிருவென்று விழிக்கும், மதிப்பெண் தப்பாகிவிடும். அவள் சொல்லும் சொற்கள், எப்போது சொல்கிறாள், விரல் நீட்டிக் காட்டுகிறாளா, பெயர் சொன்னால் திரும்புகிறாளா எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். தமிழ்ச் சொல்லும் கணக்கில் சேரும். காது சோதனையையும் உடனே செய்துவிடுங்கள்.

பரிசோதனைக்குக் காசில்லை. தெரபிக்குச் சில மாநிலங்களில் வருமானத்தைப் பார்த்துக் கட்டணம் வாங்குவார்கள். திட்டத்தில் 'தேவைக்கேற்ப' என்று இருந்தால் ஒப்பாதீர்கள். வாரம் எத்தனை முறை, எத்தனை நிமிடம், எங்கே என்று எழுதச் சொல்லுங்கள். ஒரு சேவை வேண்டாமென்றால் அதை மட்டும் மறுக்கலாம், மற்றவை நிற்காது.

நம்மாட்களிடம் எனக்குள்ள கோபம் ஒன்றுண்டு. "அவங்க அப்பாவும் லேட்டாத்தான் பேசினார், பொறு" என்பார்கள். இன்னொரு கூட்டம், "வீட்டில் தமிழை நிறுத்து" என்று சொல்லும். இரண்டு மொழி கேட்பதால் பேச்சு தாமதமாகாது. தமிழை நிறுத்தினால் பாட்டியோடு அந்தப் பிள்ளை பேசுவது நின்றுபோகும், அவ்வளவுதான். நாங்கள் வந்த காலத்தில் இதைச் சொல்ல ஆளில்லை. தொலைபேசிப் புத்தகத்தைப் புரட்டித்தான் அலுவலகத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். இன்று கையிலேயே எல்லாம் இருந்தும் காத்திருக்கிறார்கள்.

காத்திருந்தால் என்னாகும்? பெரும்பாலான மாநிலங்களில் மூன்றாம் பிறந்தநாளோடு பார்ட் சி முடிகிறது. அதற்கு 45 நாள்கூட இல்லாதபோது போனால், அவர்கள் பரிசோதிக்கவே தேவையில்லை. பிறகு பள்ளி மாவட்டத்தின் (உங்கள் பகுதிப் பள்ளிகளை நடத்தும் அமைப்பு) பொறுப்பு. அங்கே தகுதி விதி வேறு. அந்த மாற்றத்துக்கான கூட்டம் பிறந்தநாளுக்குக் குறைந்தது 90 நாள் முன்பே நடக்க வேண்டும். கோடையில் பிறந்தவள் என்றால் பள்ளி மூடுவதற்குள் ஐஇபி (பள்ளி அவளுக்கென எழுதித் தரும் தனிக் கல்வித் திட்டம்) கையில் வரும்படி விரட்டுங்கள்.

வீட்டு விஷயமும் இதோடு சேர்ந்ததுதான். தகுதி அளவு மாநிலத்துக்கு மாநிலம் மாறும். நடுவில் மாநிலம் மாறினால் அறிக்கைகளின் நகலை எடுத்துக்கொண்டு, போகுமுன்பே அங்குள்ள அலுவலகத்துக்கு எழுதிவிடுங்கள்.