‘எங்க நாய் கடிக்காதுங்க!’ என்று சொன்னவர் மேல் வழக்குப் போட முடியுமா?

கேள்வி: சென்னையில் வசிக்கிறோம். 12 நாளுக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் என் 7 வயது மகளை மாநகராட்சிப் பூங்காவுக்கு அழைத்துப் போனோம். சறுக்குமரத்திலிருந்து இறங்கி ஓடி வந்தவளை ஒரு ஜெர்மன் ஷெப்பர்ட் நாய் பாய்ந்து கன்னத்திலும் கையிலும் கடித்துவிட்டது. நாய்க்காரர் சங்கிலியைத் தன் கழுத்தில் மாலை மாதிரி போட்டுக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்து செல்போன் பேசிக்கொண்டிருந்தார். என் கணவர் குடையால் அடித்துத்தான் நாயை விலக்கினார். கன்னத்தில் 9 தையல். நாய்க்காரரோ, “எங்க நாய் யாரையும் கடிச்சதே இல்ல, பாப்பா ஓடினதாலதான் துரத்துச்சு” என்கிறார். 10,000 ரூபாய் தருகிறேன், ‘மேல் நடவடிக்கை வேண்டாம்’ என்று எழுதிக் கையெழுத்துப் போடுங்கள் என்கிறார். இல்லாவிட்டால் நாயை அடித்ததற்கு விலங்கு வதை கேஸ் போடுவாராம். போலீஸ் ஸ்டேஷனில் சி.எஸ்.ஆர். ரசீது மட்டும் கொடுத்து, “பேசி முடிச்சுக்கோங்கம்மா” என்று அனுப்பிவிட்டார்கள். நாங்கள் என்ன செய்யலாம்?

பதில்: அம்மா, கையெழுத்து மட்டும் இப்போது போடாதீர்கள். மற்றதை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

சட்டத்துக்கு முன்னால் குழந்தை. அரசு மருத்துவமனைகளில் தோலில் போடும் வெறிநாய்த் தடுப்பூசி 0, 3, 7, 28 ஆகிய நாட்களில் வரும். காயம் ஆறிவிட்டதே என்று 28-ஆம் நாள் ஊசியை விட்டுவிட வேண்டாம். நாய்க்காரர் தன் நாயின் தடுப்பூசி அட்டையைக் காட்டினாலும் மருத்துவரைக் கேட்காமல் நிறுத்தாதீர்கள். ஊசிச் சீட்டு, மருந்துக்கடை பில், ஆட்டோ செலவு, நீங்கள் வேலைக்குப் போகாத நாட்களின் கணக்கு எல்லாவற்றையும் ஒரு ஃபைலில் போட்டு வையுங்கள்.

இப்போது “எங்க நாய் கடிச்சதே இல்ல” என்ற வாதத்துக்கு வருவோம். நானும் நாய் வளர்ப்பவன்தான். எல்லா நாயும் முதல் தடவை கடிக்கும்வரை கடிக்காத நாய்தான். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 291-ஆவது பிரிவு, தன் வசம் உள்ள விலங்கால் மனித உயிருக்கு ஆபத்தோ கொடுங்காயமோ நேரக்கூடும் என்கிறபோது, அதைத் தடுக்கப் போதுமான ஏற்பாட்டைத் தெரிந்தோ கவனக்குறைவாலோ செய்யாமல் விடுவதையே குற்றம் என்கிறது. நாய்க்குக் கடித்த சரித்திரம் இருந்தாக வேண்டும் என்று அந்தப் பிரிவில் ஒரு வார்த்தையும் கிடையாது. தண்டனை 6 மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் இதுவே 289-ஆவது பிரிவாக இருந்தது. அங்கே அபராத உச்சவரம்பு வெறும் 1,000 ரூபாய்.

2024 மே மாதம் நுங்கம்பாக்கம் மாநகராட்சிப் பூங்காவில் காவலாளியின் 5 வயது மகளை இரண்டு ராட்வைலர் நாய்கள் குதறியது உங்களுக்கு நினைவிருக்கும். அப்போது புதுச் சட்டம் வரவில்லை. அந்த 289-ஐயும், பிறர் பாதுகாப்புக்கு ஆபத்து விளைவிக்கும் 336-ஐயும் போட்டுத்தான் உரிமையாளரைக் கைது செய்தார்கள். ஆக, நாய்க்கடியெல்லாம் பேசித் தீர்க்கிற சமாச்சாரம் என்று ஸ்டேஷனில் சொன்னால், இதே ஊரில் நடந்த அந்த வழக்கை எடுத்துச் சொல்லுங்கள்.

உங்கள் புகாரில் 291 மட்டும் போதாது. கன்னத்தில் 9 தையல் என்கிறீர்கள். முகத்தில் நிரந்தர விகாரம் ஏற்பட்டால் அது 116-ஆவது பிரிவின்படி ‘கொடுங்காயம்’. 15 நாள் கடும் வலியில் கிடந்தாலும், அன்றாட வேலையைச் செய்ய முடியாமல் போனாலும் அதுவும் கொடுங்காயம்தான். கவனக்குறைவால் கொடுங்காயம் விளைவித்தால் 125-ஆவது பிரிவின் ‘பி’ உட்பிரிவு வரும். தண்டனை 3 வருடம் வரை போகும். சாதாரணக் காயம் என்றால் 6 மாதத்தோடு நின்றுவிடும். எனவே மருத்துவமனை கொடுக்கும் காயச் சான்றிதழில் என்ன எழுதியிருக்கிறது என்பதில்தான் வழக்கின் கனம் இருக்கிறது. தழும்பு நிற்குமா என்று பிளாஸ்டிக் சர்ஜன் ஒருவரிடம் எழுத்தில் கருத்து வாங்குங்கள். தையல் போட்ட அன்று எடுத்த படம், பிரித்த அன்று எடுத்த படம், இன்றைய படம் மூன்றும் தேவை.

அப்புறம், ஏ.ஆர். காப்பி. விபத்துப் பதிவேட்டு நகல். அதை வாங்கி இன்றைக்கே படித்துப் பாருங்கள். என்னிடம் வந்த ஒரு வழக்கில், பதற்றத்தில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடிய பக்கத்து வீட்டுக்காரர், டூட்டி டாக்டர் கேட்டதற்கு “தெருவுல நாய் கடிச்சிடுச்சு” என்று சொல்லிவிட்டார். பதிவேட்டில் ‘தெருநாய்’ என்று ஏறிவிட்டது. எதிர்தரப்பு வக்கீல் குறுக்கு விசாரணையில் அந்த ஒற்றைச் சொல்லை வைத்துக்கொண்டு முக்கால் மணி நேரம் ஆடினார். உங்கள் ஏ.ஆரில் ‘வளர்ப்பு நாய்’ என்று இல்லாவிட்டால், திருத்தச் சொல்லி மருத்துவரை நெருக்க வேண்டாம். நடந்தது என்ன, யார் என்ன சொன்னார்கள் என்பதைப் புகாரிலேயே விளக்கிவிடுங்கள்.

பாப்பா ஓடியதால்தான் என்கிறாரே, அதற்குப் பெரிய பதில் தேவையில்லை. சறுக்குமரம் இருக்கிற இடத்தில் 7 வயதுக் குழந்தை ஓடத்தான் செய்யும். அதை எதிர்பார்த்து நாயைப் பிடித்துக்கொள்வதுதான் அவர் எடுத்திருக்க வேண்டிய ஏற்பாடு. கல்லெறிந்தாள், வாலைப் பிடித்து இழுத்தாள் என்றிருந்தால் வாதிட அவருக்கு ஏதோ கொஞ்சம் இருந்திருக்கும்.

குடை விஷயத்துக்கு உங்கள் கணவர் பயப்பட வேண்டியதில்லை. தீய எண்ணமில்லாமல், நடக்கவிருக்கும் பெரிய கேட்டைத் தடுப்பதற்காக நல்லெண்ணத்தோடு செய்த செயலைச் சன்ஹிதாவின் 19-ஆவது பிரிவு குற்றமாகப் பார்ப்பதில்லை. மகளின் முகத்தைக் கவ்விய நாயை அடித்து விலக்கியது அதற்குள்தான் வரும். ஆனால் ஒன்று: கோபத்தில் பிறகு யாராவது அந்த நாயை அடிப்பது, சோற்றில் எதையாவது வைப்பது என்று போனால் கதை மாறிவிடும். விலங்கைக் கொன்றாலோ ஊனமாக்கினாலோ 325-ஆவது பிரிவில் 5 வருடம் வரை தண்டனை உண்டு. உங்கள் வீட்டு இளவட்டங்களிடம் இதைச் சொல்லி வையுங்கள்.

சி.எஸ்.ஆர். ரசீது என்பது புகார் வாங்கிக்கொண்டோம் என்பதற்கான சீட்டு. முதல் தகவல் அறிக்கை வேறு. 291, 125 இரண்டுமே காவல்துறை நேரடியாகப் பதிவு செய்யக்கூடிய குற்றங்கள். ஜாமீனில் வரக்கூடியவை என்பதால் அவர் உடனே வெளியே வந்துவிடுவார், அதில் ஏமாற்றமடைய வேண்டாம். இத்தகைய குற்றம் புகாரில் தெரிந்தால் பதிவு செய்தே ஆக வேண்டும் என்று லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2013-லேயே சொல்லிவிட்டது. ஸ்டேஷனில் மறுத்தால், குற்ற வழக்கு நடைமுறைக்கான புதிய சட்டமான நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173(4) பிரிவின்படி புகாரை உயரதிகாரிக்குத் தபாலில் அனுப்பலாம். சென்னையில் துணை ஆணையருக்கு அனுப்புவது வழக்கம். அதற்கும் அசையவில்லை என்றால் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் மனு போடலாம். பெரும்பாலும் தபால் போனதுமே ஸ்டேஷனிலிருந்து போன் வந்துவிடும்; இது என் அனுபவம்.

நஷ்டஈடு தனி வழி. குற்ற வழக்கில் விதிக்கும் அபராதம் உங்கள் மகளின் தழும்புக்கு மருந்தாகாது. நகர உரிமையியல் நீதிமன்றத்தில், குழந்தை சார்பாக நீங்கள் வழக்குத் தொடரலாம். இப்படிப்பட்ட வழக்குக்குப் பொதுவாகக் காலவரம்பு 3 வருடம். மைனருக்குச் சலுகை உண்டு என்றாலும் அதை நம்பி ஆறப்போட வேண்டாம். செலவான தொகை, இனி தேவைப்படும் சிகிச்சை, வலி, பயம் எல்லாவற்றையும் கேட்கலாம். ஓர் அளவுகோலுக்குச் சொல்கிறேன்: 2023-ல் பஞ்சாப்-ஹரியானா உயர் நீதிமன்றம், நாய்க்கடிக்கு ஒரு பல் தடத்துக்குக் குறைந்தது 10,000 ரூபாய், சதை பிய்ந்திருந்தால் ஒவ்வொரு 0.2 சென்டிமீட்டருக்கும் குறைந்தது 20,000 ரூபாய் என்று அரசு தரும் இழப்பீட்டைக் கணக்கிட்டது. அது தமிழ்நாட்டைக் கட்டுப்படுத்தாது. ஆனாலும் 10,000 ரூபாயோடு வந்திருக்கும் மனிதரிடம் பேச உட்காரும்போது, கன்னத்தில் எத்தனை பல் பதிந்திருக்கிறது என்று எண்ணிச் சொல்லலாம்.

பணமில்லையே என்று தயங்க வேண்டாம். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவி தர வேண்டும் என்கிறது 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டம். 15100 என்ற எண்ணுக்கு அழையுங்கள். சமரசம் பேசுவதாக இருந்தாலும் அங்கே, எழுத்தில், வருங்காலச் சிகிச்சைச் செலவையும் சேர்த்துப் பேசுங்கள். வழக்குப் போட்ட பிறகு மைனர் சார்பாகச் சமரசம் செய்ய நீதிமன்ற அனுமதி வேண்டும். பெற்றோர் இஷ்டத்துக்கு முடித்துவிட முடியாது.

அந்த நாய்க்கு மாநகராட்சி உரிமம் இருந்ததா என்று தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டிக் கேளுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். சென்னையில் வளர்ப்பு நாய்க்கு உரிமம் கட்டாயம். இல்லையென்றால் அந்தப் பதிலே உங்கள் கையில் இன்னொரு ஆவணம். நாயைக் கொல்லச் சொல்லி எந்த மனுவும் போட வேண்டாம். தப்பு நாயுடையது இல்லை.

இதெல்லாவற்றையும்விட அவசரம் சிசிடிவி. சேமிப்பு நிறைந்ததும் பழைய பதிவின் மேல் புதியது ஏறிவிடும். 12 நாள் ஏற்கெனவே போய்விட்டது. பூங்கா கேமரா, எதிர் வீட்டுக் கேமரா, வாசலில் உள்ள டீக்கடைக் கேமரா எதுவாக இருந்தாலும் நாளைக் காலையிலேயே பதிவைப் பாதுகாக்கச் சொல்லி எழுத்தில் கொடுங்கள், நகலை ஸ்டேஷனிலும் கொடுங்கள். பதிவு கிடைத்தால், புதிய சாட்சிய சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் 63-ஆவது பிரிவின்படி சான்றிதழோடு வாங்க வேண்டும். வெறும் வாட்ஸ்அப் வீடியோ நீதிமன்றத்தில் நிற்காது. தினமும் நடைப்பயிற்சிக்கு வருபவர்கள் இரண்டு பேரிடம் பேசிப் பாருங்கள். “நாயைப் பிடிச்சுக்கோங்க சார்” என்று இதற்கு முன் யாராவது அவரிடம் சொல்லியிருந்தால் அவர்தான் உங்கள் முக்கியமான சாட்சி. அந்தச் சங்கிலி எங்கே இருந்தது என்பதைப் புகாரின் முதல் பத்தியிலேயே எழுதிவிடுங்கள்: நாயின் கழுத்தில் இல்லை, அவர் கழுத்தில்.